குடத்து மேல பல்வலிக்காரர்

ஏம்மா, இந்தக் குடம் உன் முட்டியில இடிக்குதா? இடிச்சா சொல்லு, மடியில வெச்சுக்கிறேன். ஏறும்போதே கண்டக்டர் ஆரம்பிச்சுட்டாரு. பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லையாம், குடத்துக்கு மட்டும் உண்டாம். வெறுங்குடத்துக்கு என்னய்யா லக்கேஜுன்னு கேட்டேன். நெறகுடமா இருந்தா ஏத்தியே இருக்க மாட்டேன்னாரு. வாய்க்காரரு. போவட்டும், ஒக்கார எடம் கெடைச்சுதே.

நீ எங்க எறங்கணும்? அட, நானும் அந்தப் பார்க்குதான். சிலை பாக்கப் போறியா? அதானே. ஞாயித்துக்கிழமையானா ஊரே அங்கதான் போவுதாம். ஃப்ரெண்ட்ஸுங்க காத்துகினு இருக்காங்களா? இருக்கட்டும், இந்த டிராபிக்குல இது எப்பப் போய்ச் சேரப் போவுது.

போனா நல்லாப் பாரு. பரோட்டா மாஸ்டர் சிலை இருக்கும், பாத்து சிரி. பல்லு வெளக்குற பையன் சிலை இருக்கும், அதையும் பாத்து சிரி. அதுக்கு அந்தாண்ட மரத்தடியில ஒருத்தரு, கவுத்துப் போட்ட குடத்து மேல ஒக்காந்துகினு, மோவாய்க்குக் கையை முட்டுக் குடுத்துகினு, இன்னொரு கையில செல்போனை வெச்சுகினு உம்முனு இருப்பாரு. அவரைப் பாத்து மட்டும் கொஞ்சம் மெதுவா சிரி. அவரு எங்க வீட்டுக்காரரு.

நெசமாத்தான் சொல்றேன். அந்தக் குடம்தான் இந்தக் குடம். இதோ பாரு, கழுத்தாண்ட செவப்பு நெயில் பாலீஷ்ல "சு"ன்னு எழுதியிருக்குதா? சிலையிலயும் அதே எடத்துல அதே "சு" இருக்கும். அதுக்குத்தான் இதைத் தூக்கிகினு போறேன். இன்னிக்கு அந்தச் சிலை செஞ்ச பையன் அங்க இருப்பான், வர்றவங்களுக்கு வெளக்கம் சொல்லிகினு. எல்லார் முன்னாடியும் இந்தக் குடத்தை அந்தக் குடத்துக்குப் பக்கத்துல வெச்சுட்டு, இது யாரு வூட்டுக் குடம், யாரைக் கேட்டு செஞ்ச, எடுத்துடுன்னு சொல்லப் போறேன். எடுக்கலைன்னா என்ன பண்ணுவேன்னு கேக்காத. அது எனக்குத் தெரியல.

எங்க வீடு பம்மல்ல. மாடியில தகரம் போட்ட ஒரு ரூமு இருக்குது. அதுக்குக் குடி வந்தவன்தான் தினகரன். சிலை செய்யப் படிச்ச பையன். சாமி சிலையாப்பான்னு கேட்டேன். இல்லம்மா, சிரிப்புச் சிலைன்னான். வெளிநாட்டுல பேர் போன சிலைங்க இருக்குதாம், புஸ்தகத்துல எல்லாம் போட்டிருப்பாங்களாம், அதுங்களை இவன் நம்ம தெருவுக்குக் கூட்டியாந்துடுவானாம். போட்டோ காட்டுவான். ஒருத்தன் ஒடம்பை முறுக்கிகினு தட்டு வீசுறான். அந்தக் காலத்துல அதுதான் வெளையாட்டாம். இவன் அதே முறுக்கு, அதே நரம்பு, கையில தட்டுக்குப் பதிலா பரோட்டாவைக் குடுத்து இடுப்புல கைலியைக் கட்டி வுட்டுட்டான். இன்னொருத்தன் ஒட்டுத்துணி இல்லாம தோள்ல ஏதோ வாரைப் போட்டுகினு நிக்கிறான், ஒலகத்துலயே அழகான ஆம்பளைன்னு பேராம். இவன் அந்த வாரைத் துண்டா மாத்தி, கோடு போட்ட டவுசரை மாட்டி, வாயில பிரஷ்ஷை வெச்சு, பாத்ரூம் எப்ப காலியாவும்னு பாக்க வெச்சுட்டான்.

ரெண்டு கையும் இல்லாத ஒரு பொம்பளை சிலையாம். அதுக்குக் கை வெச்சான். வெச்ச கையோட ரெண்டுலயும் காய்கறிப் பையைக் குடுத்துட்டான். ஏண்டா பாவம்னேன். "கையைக் குடுத்தா வேலையும் கூடவே வந்துடுமேம்மா"ன்னான். நான் சிரிச்ச சிரிப்புல அன்னிக்கு ரசம் பொங்கி அடுப்பே அணைஞ்சுபோச்சு. நான் ஒண்ணும் சிரிக்கத் தெரியாதவ இல்லம்மா. அடுத்த வூட்டு ஆளுன்னா எனக்கு நல்லாவே சிரிப்பு வருது.

எங்க வீட்டுக்காரரு ஒரு கம்பெனியில டைம்கீப்பரா இருந்து ரிட்டயரானவரு. ஆளு அதிகம் பேச மாட்டாரு. கல்யாணமான புதுசுல ஊமையைக் கட்டி வெச்சுட்டாங்களோன்னுகூட நெனச்சேன். எங்க தெருவுல குழாய்த்தண்ணி கெடையாது, லாரிதான். லாரி எப்ப வரும்னு அந்த லாரிக்கே தெரியாது. அதனால குடத்தை வரிசையில வெச்சுட்டு அவங்கவங்க வேலையைப் பாக்கப் போயிடுவோம். குடம் இருந்தா ஆளு இருக்குற மாதிரி. எவ்ளோ பெரிய சண்டைக்காரியா இருந்தாலும் அதைத் தள்ளி வெக்க மாட்டா. கவுத்து வெச்சா மட்டும், இவங்களுக்கு வேணாம், அடுத்தவங்க போவலாம்னு அர்த்தம். யாரும் எழுதி வெக்கல, ஆனா எங்க தெருவுல அதுதான் சட்டம்.

இந்தக் குடம் எங்க வாசல்ல கவுத்து வெச்ச குடம். ஏன் கவுத்து வெச்சேன்னு சொல்றேன், இரு. அது மேல போய் இவரு ஒக்காந்துப்பாரு. நாற்காலி இருக்குது, போட்டாலும் வேணாம்பாரு. சுவத்துல சாய்ஞ்சுகினு, மோவாயில கையை வெச்சுகினு, செல்போனைப் பாத்துகினு இருப்பாரு. ஏதோ ஒரு நம்பரை எடுத்து வெச்சுப்பாரு. வெளிச்சம் அணைஞ்சா ஒரு தொடு தொடுவாரு. மறுபடியும் அணையும், மறுபடியும் தொடுவாரு. போடவும் மாட்டாரு, வெக்கவும் மாட்டாரு. யாரு நம்பருன்னு நான் எட்டிப் பாத்ததில்ல. எனக்கு எதுக்கு?

ஒரு நாளு மாடியிலேந்து எறங்கி வந்த தினகரன், "அப்பா, அப்படியே இருங்கப்பா, அசையாதீங்க"ன்னான். கல்லு மேல ஒக்காந்து யோசிக்குற சிலை ஒண்ணு இருக்குதாம், பிரெஞ்சுக்காரரு செஞ்சதாம், அது அச்சு அசல் நம்ம அப்பாதாம்மான்னான். இவரும் ஒக்காந்தாரு. சும்மா ஒக்காரச் சொன்னா அதைவிட சந்தோஷம் ஏது அவருக்கு. படம்தான் போடுறான்னு நான் காபி போட்டுக் குடுத்துகினு இருந்தேன். குடத்தையும் கொஞ்ச நாளு மாடிக்கு எடுத்துகினு போனான். திரும்பி வரும்போது மேலெல்லாம் வெள்ளை மாவு. கோலப்பொடியான்னு தொடைச்சேன், சிலை செய்யுற மாவுன்னு தோணல. என் புத்தி அவ்ளோதான்.

பார்க்குல தெறப்பு விழான்னு கூப்பிட்டான். நானும் பக்கத்து வூட்டு அம்சாவும் போனோம். புளிசாதம் கட்டிகினு போனோம்மா, பையன் மொத மொதல்ல பேரெடுக்குறான்னு. போய்ப் பாத்தா இவரு. வெண்கலம் மாதிரி கலரு அடிச்சு, நெசத்துக்கு ரெண்டு பங்கு பெருசா. அதே தொப்பை, அதே கைவெச்ச பனியன். செருப்பு வாரு அறுந்ததுக்கு நான் குத்திக் குடுத்த ஊக்கு, அதைக்கூட வுடலை அவன். கீழ பலகையில "தண்ணி லாரிக்குக் காத்திருக்கும் சிந்தனையாளர்"னு எழுதியிருக்குது. கூட்டம் வுழுந்து வுழுந்து சிரிக்குது. இவரும் சிரிச்சாரு. நான் மட்டும்தான் கட்டிகினு போன புளிசாதத்தைப் பிரிக்காமலே திருப்பி எடுத்துகினு வந்தேன்.

ஏன்னு கேளு. வூட்டு வாசல்ல ஒரு மனுசன் கன்னத்துல கை வெச்சுகினு இருந்தா யாரும் கேக்க மாட்டாங்க. சிலை வெச்சா கேப்பாங்க. மறுநாளே தெருவுல ஆரம்பிச்சுட்டாங்க. "உங்க வூட்டுக்காரரு அப்படி என்னத்தக்கா யோசிக்கிறாரு?" பால்காரன் கேக்குறான், இஸ்திரிக்காரன் கேக்குறான். அம்சா கேக்குறா, "பொண்ணைப் பத்தியாக்கா?"ன்னு. ஊர் வாயை மூட உலைமூடி இருக்குதா? நான் பட்டுன்னு சொல்லிட்டேன், "யோசனையும் இல்ல ஒண்ணும் இல்ல, அவருக்குப் பல்வலி"ன்னு. சொன்னதும் எனக்கே ஒரு நிம்மதி. பல்வலிதான். வேற என்ன.

பொண்ணா? ஆமா, இருந்தா. சுகன்யான்னு பேரு. ஒரே பொண்ணு. இந்த "சு" அவ எழுதினதுதான், நாலாவது படிக்கும்போது. என் பேரு ஞானசௌந்தரி. "உன் பேரு எழுதினா குடத்தையே சுத்தி வரும்மா, என் பேரு போதும்"னு நாக்கைத் துருத்திகினு எழுதினா. ரவா லட்டுன்னா உசுரு. ஆனா ஏலக்கா போடக் கூடாது, வாயில பட்டா துப்பிடுவா, அவ்ளோ கொழுப்பு. நல்லாப் படிச்சா, வேலைக்குப் போனா, கூட வேலை பாக்குற பையனைக் கட்டிக்கிறேன்னு வந்து நின்னா. நம்ம ஆளுங்க இல்ல. பையன் பாக்க நல்லாத்தான் இருந்தான், மரியாதையாத்தான் பேசினான், அது வேற விஷயம். நான் வேணாம்னேன். அவ கட்டிகினா.

மாலையும் கழுத்துமா வாசல்ல வந்து நின்னாங்க. அன்னிக்குப் பாத்து தண்ணி லாரி வந்திருந்துது. தெருவே வாசல்ல நிக்குது. நான் என்ன பண்ணேன் தெரியுமா? அப்பதான் புடிச்சுத் தூக்கியாந்த நெறகுடம், இதே குடம், அப்படியே தலையில ஊத்திகினேன். தலைமுழுகிட்டேன் போன்னேன். அந்த வெயில் காலத்துல ஒரு குடம் தண்ணிக்கு என்ன வெலைன்னு எங்க தெருவுக்குத் தெரியும். ஊத்திட்டு, குடத்தைக் கவுத்து வெச்சுட்டு உள்ள போயிட்டேன். எங்க வீட்டுக்காரரு "ஏண்டி"ன்னு கேட்டிருந்தாகூட நான் நின்னிருப்பேனோ என்னவோ. கேக்கலையே. அவங்க போன பின்னாடி போய் அந்தக் குடத்து மேல ஒக்காந்தாரு. அவ்ளோதான்.

அவளோட துணிமணி, புஸ்தகம், சர்ட்டிபிகேட்டு எல்லாம் கட்டி அனுப்பிட்டேன். இந்த நெயில் பாலீஷை மட்டும் சுரண்டல. சுரண்டினா பிளாஸ்டிக்கு கீறிப்போவும், அதனால. அவளுக்குக் கொழந்த பொறந்திருக்குதுன்னு அம்சாதான் வந்து சொன்னா. எங்கிட்ட எதுக்குச் சொல்றன்னு எரிஞ்சு வுழுந்தேன். அப்புறம் அவ சொல்றதேயில்ல. ஆணா பொண்ணான்னுகூட சொல்லலம்மா. நானா எப்படிப் போய்க் கேக்குறது?

சரி, பல்வலிக்கு வர்றேன். சொன்னா சொன்னதை நிரூபிக்கணும் இல்ல? டாக்டர்கிட்ட கூட்டிகினு போனேன். இவரும் ஆன்னு வாயைத் தொறந்துகினு ஒக்காந்தாரு, வேணாம்னு சொல்லவேயில்ல. டாக்டர் லைட்டு அடிச்சு, தட்டித் தட்டிப் பாத்தாரு. "பல்லெல்லாம் நல்லா இருக்கேம்மா, வலி எப்பலேந்து?"ன்னாரு. எனக்கு என்ன தெரியும், இவரைக் கேளுங்கன்னேன். இவரு என்னைப் பாக்குறாரு. டாக்டர் என்னை வெளிய கூப்பிட்டு, "அவருக்கு வேற ஏதாவது கவலை இருக்கா?"ன்னு கேட்டாரு. சார், நீங்க பல்லு டாக்டர், பல்லை மட்டும் பாருங்கன்னேன். ஒண்ணைப் புடுங்கியாவது வுடுங்கன்னேன். ஆடாத பல்லைப் புடுங்க மாட்டேன்னுட்டாரு. இப்பல்லாம் டாக்டருங்களுக்கு ஒண்ணும் தெரியறதில்லம்மா.

அதோட போச்சா? ஞாயித்துக்கிழமையானா இவரு அந்தப் பார்க்குக்குப் போக ஆரம்பிச்சாரு. தன் சிலையைத் தானே பாக்கறதுக்கு. இஸ்திரி போட்ட சட்டை, மூஞ்சிக்குப் பவுடரு. கண்ணாடி முன்னாடி நின்னு தலை வாருறாரும்மா, என் கல்யாணத்துக்குக்கூட அப்படி வாரல. ஏதாவது சொன்னா, "ஜனங்க போட்டோ எடுத்துக்க ஆசைப்படறாங்க"ன்றாரு. வயசான காலத்துல புகழ் தலைக்கேறிடுச்சு. வாசல்ல யோசிச்ச மனுசன் இப்ப யோசிக்குறதேயில்ல. விசில் அடிக்குறாரு. எனக்குத்தான் இப்ப ராத்தூக்கம் இல்ல.

சும்மாவும் போறதில்ல. சனிக்கிழமையானா ரவா லட்டு செய்யின்றாரு. யாருக்குன்னா, பார்க் வாட்ச்மேனுக்காம். நல்ல மனுசனாம், சிலையைத் தொடைச்சு வெக்கிறானாம். ஏலக்கா மட்டும் போடாதேன்னு வேற. வாட்ச்மேனுக்கு ஏலக்கா ஆவாதாம். ஒலகத்துல எத்தனை விதமான ஜனங்க பாரு. வாட்ச்மேனுக்குத்தானேன்னு நெய்யைக் கொறைச்சேன்னு நெனைக்காத, எனக்குக் கை வராது. போன வாரம், "கொஞ்சம் சின்னதா உருட்டு, சின்ன வாயி"ன்றாரு. வாட்ச்மேனுக்கு என்னய்யா சின்ன வாயின்னு கேட்டேன். இருமிகினே வெளிய போயிட்டாரு. நேத்தும் செஞ்சேன். கோலிக்குண்டு கணக்கா உருட்டினேன். டப்பாவை எடுத்துகினு காலையிலயே கெளம்பிட்டாரு.

அவரு கெளம்பின பின்னாடி வாசல்ல குடம் மட்டும் இருந்துது. பாத்துகினே இருந்தேன். என்னவோ வந்துடுச்சு எனக்கு. எல்லாரும் சிரிக்கிறாங்க, இவரும் சிரிக்கிறாரு, நான் ஒருத்தி மட்டும் பல்வலி பல்வலின்னு தெருத்தெருவா சொல்லிகினு திரியறேன். இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடலாம்னு குடத்தைத் தூக்கிகினு கெளம்பிட்டேன்.

என்னது? வீடியோவா? அவரா? எங்க வீட்டுக்காரரா? நெறைய பேரு பாத்திருக்காங்களா? காட்டு பாக்கலாம். கொஞ்சம் தள்ளிப் புடிம்மா, கண்ணாடி எடுத்துகினு வரல.

ஆமா, அவருதான். சிலைக்குப் பக்கத்துல சிலை மாதிரியே மோவாயில கை வெச்சுகினு ஒக்காந்திருக்காரு. கூத்தைப் பாரு. கீழ என்ன போட்டிருக்குது? "யோசிக்கிற ரெண்டு தாத்தா"வா? தாத்தாவாம். சிலை மடியில யாரு அது, கொழந்தையா? யாரோ பெத்தவங்க ஒக்கார வெச்சிருக்காங்க. ஐய, கொழந்த அந்தச் சிலையோட போனைப் புடுங்கப் பாக்குது. வரல. இவரு போனைப் புடுங்குது. குடுத்துட்டாரு பாரு. என்னைத் தொட வுட மாட்டாரு அந்தப் போனை. டப்பாவைத் தொறக்குறாரு. அது என் டப்பா. கொழந்தைக்கு லட்டு ஊட்டுறாரு. வாட்ச்மேனுக்குன்னு சொன்னாரே.

இரு. இரும்மா, தள்ளாத. கொழந்தையைத் தூக்க ஒரு பொண்ணு வருதே, மஞ்சள் சுடிதாரு. அதைக் கொஞ்சம் நிறுத்து.

எளைச்சுட்டா.

இன்னொரு வாட்டி போடு. பாரு, குடத்தாண்ட குனியறா. அந்த "சு" மேல கொழந்தையோட வெரலைப் புடிச்சு வெச்சு, ஏதோ சொல்றா. என்ன சொல்றா? பாட்டைப் போட்டு வெச்சிருக்காங்களே, அவ பேசுறது கேக்கலையே. அந்தப் பாட்டை மட்டும் நிறுத்த முடியாதா? முடியாதா. வாயைப் பாத்தாவது தெரியுதா உனக்கு? உனக்குக் கண்ணு நல்லா இருக்குமே. எனக்கு "அம்மா"ன்னு சொல்ற மாதிரி இருக்குது. எனக்கு அப்படித்தான் இருக்கும்.

காதுல கம்மலு போட்டிருக்குது பாத்தியா? பொண்ணு. பொண்ணுதாம்மா.

இந்த மனுசன் ஒரு வார்த்தை சொன்னாரா எங்கிட்ட? வாரா வாரம் என் கையாலயே லட்டு உருட்ட வெச்சு, சின்ன வாயின்னு மட்டும் சொல்லிட்டுப் போறாரு. சொன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்? கத்தியிருப்பேன். டப்பாவைத் தூக்கி எறிஞ்சிருப்பேன். அது அவருக்குத் தெரியும். முப்பது வருசம் குடும்பம் பண்ணவரு. தெரியாமலா இருக்கும்?

அடுத்த ஸ்டாப்பா? இதுக்குள்ளயா? இவ்ளோ நேரம் நகராத பஸ்ஸு இப்பத்தான் பறக்கும்.

நான் எறங்கலம்மா. எப்படி எறங்குறது சொல்லு. சண்டைக்கின்னு கெளம்பி வந்தவ நான், பொடவையைப் பாரு, வூட்டுல கட்டுறது. வெறுங்கையோட ஒரு கொழந்தையை மொத மொதல்ல போய்ப் பாப்பாங்களா? அவ என்னைப் பாத்தவொடனே கொழந்தையைத் தூக்கிகினு எழுந்து போயிட்டா? தெருவே பாக்கத் தலையில தண்ணியை ஊத்திகினவ மூஞ்சியை அவ எதுக்குப் பாக்கணும்? நான் டெப்போ வரைக்கும் போயிட்டு இதே பஸ்ஸுல திரும்பிடறேன். கண்டக்டரு கேட்டா கேக்கட்டும்.

நீ ஒண்ணே ஒண்ணு பண்றியா? இந்தக் குடத்தை எடுத்துகினு போயிடு. கனமே இல்ல, வெறுங்குடம். மரத்தடியில அவங்க இருப்பாங்க. சிலைக்குப் பக்கத்துல வெச்சுட்டு நீ பாட்டுக்குப் போயிடு. யாரு குடுத்தாங்கன்னு சொல்ல வேணாம். அவ அதே தெருவுல வளந்தவ. குடம் இருந்தா ஆளு பின்னாடி வர்றாங்கன்னு அவளுக்குத் தெரியும், எடத்தைத் தள்ளிக் குடுக்க மாட்டா. இந்த வாரம் இல்லைன்னாலும் அடுத்த வாரம் வருவேன். நல்ல பொடவையா கட்டிகினு வருவேன்.

எறங்கும்மா, பாத்து எறங்கு, கண்டக்டரு விசில் குடுத்துடப் போறாரு. இந்தா, புடி. ஒண்ணு மட்டும் மறந்துடாத. நேரா நிமித்தி வெய்யி. கவுத்து வெச்சுடாத.